கோள்களின் மெட்டு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோள்களின் சுற்றுப்பாதைகளிலிருந்து கணினி நிரல் வழியே மெட்டுகளை உருவாக்குவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், அம்மெட்டுகளை வானமே இயற்றியது என்னும் தொனியில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1619-ல் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர், ஒரு கோள் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போதும் மிகத் தொலைவில் இருக்கும்போதும், சூரியனிலிருந்து பார்த்தால் நாளொன்றுக்கு எவ்வளவு கோணம் நகர்கிறது என்று கணக்கிட்டு, அவ்விரண்டின் விகிதத்தையே ஸ்வரங்களின் அதிர்வெண் விகிதமாகக் கொண்டு அக்கோளின் இசை எல்லையாக வகுத்தார். சனிக்கு 5:4, அதாவது ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரை. செவ்வாய்க்கு 3:2, பஞ்சமம் வரை. பூமிக்கோ 16:15, சுத்த ரிஷபத்தோடு சரி. இன்று பூமியின் மையத்தொலைத்தகவான (சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு) 0.0167-ஐக் கொண்டு கணக்கிட்டால் அவ்விகிதம் 1.069 என்று வருகிறது. கெப்ளரின் 16:15 என்பது 1.067. நானூறு ஆண்டுப் பழைய கணக்குக்கு இது வியக்கத்தக்க நெருக்கம்தான்.

வெள்ளிக்கு இதே கணக்கு ஏறத்தாழ 1.028 என்று விடை தருகிறது. இது கீபோர்டின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. எனவே அதிர்வெண்களை அருகிலுள்ள கட்டைக்குத் திருத்தும் நிரலில், வெள்ளி ஒரே ஸ்வரத்தில் உறைந்து நிற்கும், அல்லது பக்கத்துக் கட்டையைத் தொட்டு மீளும். அதன் உண்மையான இயக்கமோ ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்கும் கமகமான ஜாருவைப் போல இடைவிடாது வழுக்கிச் செல்வது. கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடக்குவோரும் உண்டு. தொலைபேசி எண்களை உள்ளிட்டாலும் ஐந்து ஸ்வர ராகமான மோகனம் இனிக்கவே செய்யும். அந்த இனிமையில் கோளுக்குப் பங்கில்லை. இன்னும் சிலர் நீள்வட்டத்தைத் திரையில் வரைந்துவிட்டு, கோளைச் சம நேரத்தில் சம கோணம் நகர்த்துகின்றனர். அருகில் வரும்போது கோள் விரைகிறது என்ற விதியே அங்கு விடுபட்டுப் போகிறது.

திருத்தமே தேவைப்படாத இடங்களும் வானில் உள்ளன. வியாழனின் துணைக்கோள்களான அயோ, யூரோப்பா, கனிமீடு ஆகியவற்றின் சுற்றுக்காலங்கள் ஏறத்தாழ 1:2:4 என்ற விகிதத்தில் அமைவதால், மூன்றும் அடுத்தடுத்த ஸ்தாயிகளின் (ஒரு ஸ்தாயி உயர்ந்தால் அதிர்வெண் இரட்டிக்கும்) ஒரே ஸ்வரமாக ஒலிக்கும். டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களில் அடுத்தடுத்தவற்றின் சுற்றுக்காலங்கள் 8:5, 5:3, 3:2, 3:2, 4:3, 3:2 ஆகிய விகிதங்களை ஒட்டியே உள்ளன. கட்டுரையாளர் இவற்றை ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு ஏமாற்றமே. இங்கும்கூட, நாள்கணக்கில் நீளும் சுற்றுக்காலத்தைக் காதுக்கு எட்டும் ஒலியாக்க எத்தனை ஸ்தாயி உயர்த்துவது என்பதை நிரலாளரே முடிவு செய்கிறார்.

ஆகவே, இத்தகைய படைப்புகளை இனி அறிமுகப்படுத்தும்போது, கோளின் எந்த அளவீடு ஸ்வரமாயிற்று, எது தாளமாயிற்று, அதிர்வெண்கள் திருத்தப்பட்டனவா, ஆம் எனில் எந்த ஸ்வர வரிசைக்கு என்ற விவரங்களையும் உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்