நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மனுவும் எழுதிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் நம் ஊர்களில் பல வழக்கறிஞர் அலுவலகங்கள் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுக்கின்றன. சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போடுகின்றன. திருவிழாவில் அன்னதானத்துக்கு மூட்டை அரிசி அனுப்புகின்றன. எல்லாம் நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் நோட்டுப் புத்தகத்தை ஜவுளிக் கடைக்காரரும் கொடுக்கலாம், ரைஸ் மில்காரரும் கொடுக்கலாம். ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்த்து, 'இதில் இந்த வரி இல்லை, இந்தத் தேதிக்குள் இந்த ஆபீஸில் மனு கொடுங்கள்' என்று சொல்ல வக்கீல் ஆபீஸை விட்டால் ஊரில் வேறு ஆள் கிடையாது. அந்த உதவியைத் தருமமாகக் கொடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இது புதிய யோசனை அல்ல. பணம் கொடுக்க முடியாதவருக்கும் சட்ட உதவி பெற உரிமை உண்டு, தன் வசதிக்கு உட்பட்டு அதைச் செய்வது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் 46வது விதியே சொல்கிறது. அரசு தரப்பில் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. அதன் 12வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அப்படியானால் தனியார் வக்கீல் ஆபீஸுக்கு இதில் என்ன வேலை? ஏழை மக்களின் தொல்லையில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கே வருவதில்லை. அது தாசில்தார் அலுவலகத்திலும், கோட்டாட்சியர் முன்பும், சார்பதிவாளர் அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கிடக்கிறது. அங்கெல்லாம் வக்கீல் ஃபீஸ் வருமானம் இல்லை என்பதால் அந்தக் காகிதங்களை வக்கீல் யாரும் பார்ப்பதில்லை. மனு எழுதுவது ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவர். அவர் எழுதுவது 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்ற ஒரே மாதிரி. சர்வே எண் இருக்காது, முன் மனுவின் எண் இருக்காது, சட்டப் பிரிவும் இருக்காது. அப்படிப்பட்ட மனு அதிகாரியின் மேஜையில் நிற்காது.

இதற்கென ஒரு சட்ட உதவி முகாம் நடத்துவது எளிது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. இடம் சொந்த ஆபீஸாக இருக்க வேண்டாம், வழக்குக்கு ஆள் பிடிப்பதாகப் பேச்சு வரும். பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சி அலுவலகம் எதுவானாலும் சரி. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்துச் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. மூன்று மேஜை, மேஜைக்கு ஒரு வழக்கறிஞர், அவர்களில் ஒருவராவது பெண். எல்லாருக்கும் பொதுவாக அனுபவமுள்ள குமாஸ்தா ஒருவர். ஒரு லேப்டாப், பிரிண்டர், ஜெராக்ஸ் எடுக்க வசதி, அரை ரீம் பேப்பர், மைப்பெட்டி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் கொஞ்சம், தபால் உறை. ஓர் ஆளுக்கு 20 நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 27 பேர். டோக்கன் 25க்கு மேல் கொடுக்க வேண்டாம். கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று 60 பேரைப் பார்த்தால் ஒருவருக்கும் மனு எழுத முடியாது, வாயால் புத்தி சொல்லி அனுப்பத்தான் நேரம் இருக்கும்.

முகாம்கள் வீணாவது அந்த வாய்ப் பேச்சில்தான். கேட்டவர் பஸ் ஏறுவதற்குள் பாதி மறந்துவிடும். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு தாள் போக வேண்டும். ஒன்று, கையெழுத்துப் போடத் தயாரான மனு, இரண்டு பிரதி. மற்றொன்று, எந்த ஆபீஸ், யாரிடம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு. இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். பெயர், போன் எண், மனு போன இடம், ஒப்புகை எண், கெடு தேதி இவற்றுக்கு ஒரு நோட்டு போட்டு, அடுத்த முகாமின் முதல் அரை மணி நேரத்தைப் பழைய மனுக்களுக்கே ஒதுக்க வேண்டும். மூலப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் வாங்கி வைக்கக் கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மூலப் பத்திரம் ஒன்று தொலைந்தால் பத்து வருட நல்ல பெயரும் அதோடு போய்விடும்.

முதலில் வருவது வாரிசுச் சான்றும் பட்டாவும்தான். அதில் பெயர்ச் சிக்கலைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் 'முத்துலெட்சுமி', ஆதாரில் 'முத்துலட்சுமி', இறப்புச் சான்றில் 'எம். லட்சுமி'. வீட்டுக்காரர்களுக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். ஜனங்கள் நேராகப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பார்கள், தள்ளுபடியாகும். மறுபடி விண்ணப்பிப்பார்கள், மறுபடி தள்ளுபடியாகும். வரிசை மாறியதுதான் காரணம். முதலில் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் இறப்புச் சான்றில் பெயரைத் திருத்த வேண்டும். அதன் பிறகு வாரிசுச் சான்று. அதை வைத்துக் கூட்டுப் பட்டா. பாகப் பிரிவினையோ, ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவான பிறகுதான் உட்பிரிவும் தனிப் பட்டாவும். நோட்டரி முன்பு 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது சில ஆபீஸில் செல்லும், சில ஆபீஸில் செல்லாது. பதிவிலேயே திருத்துவதுதான் நிலையானது.

வாரிசுச் சான்றில் இன்னொரு தவறு: கல்யாணமாகிப் போன பெண்ணை விட்டுவிடுவார்கள், இறந்தவருடைய தாயையும் விட்டுவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் அவனுடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. கிழவிதானே என்று பெயரை விட்டு வாங்கிய சான்றை வைத்து விற்ற நிலம் பின்னால் கோர்ட் ஏறுகிறது. இதைச் சொல்ல ஜூனியர் வழக்கறிஞருக்கு ஐந்து நிமிடம் போதும்.

அதைவிட மனதை அறுப்பது பிள்ளைகள் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. அதன் 23வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து ரத்து செய்யலாம். ஆனால் நம் ஊர் தான செட்டில்மெண்ட் பத்திரங்களில் 'அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும்' என்ற வரிதான் இருக்கும், நிபந்தனை இருக்காது. அன்பும் பாசமும் உள்ளடங்கிய நிபந்தனையே என்று சென்னை உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு, முதியோரைக் காக்கும் நோக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. இந்த இழுபறியில் ஒரு முதியவரைத் தள்ளுவானேன்? 'என் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்' என்று ஒரு வரி பத்திரத்திலேயே இருந்தால் போதும். எழுதும் முன்பே முகாமுக்கு வந்து காட்டச் சொல்ல வேண்டும்.

அதே சட்டத்தின் 17வது பிரிவு, தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராவதற்குத் தடை போட்டிருக்கிறது. அதனால் அந்த முதியவர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்க வேண்டும், கையிலிருக்கும் மனுதான் அவருக்காகப் பேசியாக வேண்டும். பத்திர எண், தேதி, எப்போதிலிருந்து சோறு போடவில்லை, மருத்துவச் செலவு எவ்வளவு, மாதம் எவ்வளவு தேவை (சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு 10,000 ரூபாய்) என்று வரிசையாக எழுதிய இரண்டு பக்கம், அவருக்கு வக்கீலே கூட நின்ற மாதிரி.

விபத்து வழக்குகளில் ஆளைக் கவிழ்ப்பது கெடு. திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. வண்டி நம்பரே தெரியவில்லை, இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்றால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அதற்கும் திட்டம் உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு, கோட்ட அல்லது வட்ட அளவிலுள்ள இழப்பீட்டு விசாரணை அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு வழக்கே போட வேண்டியதில்லை. தெரியாததால் கேட்காமல் விடுகிற குடும்பங்களுக்கு ஒரு வக்கீல் ஆபீஸ் அரை மணி நேரத்தில் செய்து கொடுக்கக்கூடிய காரியம் இது.

தகவல் உரிமை மனு எல்லாரும் எழுதுகிறார்கள், தப்பாக எழுதுகிறார்கள். 'எனக்கு ஏன் பட்டா தரவில்லை?' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று பதில் வரும். 'எனது இன்ன எண்ணுள்ள மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக' என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். 10 ரூபாய் ஸ்டாம்ப், 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இப்படி ஒரு மனு போனாலே பல கோப்புகள் நகர்ந்துவிடும்.

இன்னொன்று, சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்த நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருக்கிறது, பயமாக இருக்கிறது, அதனால் செருகி வைத்திருக்கிறார்கள். செக் திரும்பிய நோட்டீஸ் என்றால் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கே வராது. கடனுக்கு ஈடாகத் தொகை எழுதாத வெற்றுச் செக் கொடுத்திருந்தால், அதைச் சொல்லிப் பதில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சும்மா இருந்தால் பின்னால் வாதாடுவது கடினம். கோர்ட் சம்மனைச் செருகி வைத்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். 'தபால் எது வந்தாலும் அடுத்து வரும் முகாமுக்கே எடுத்து வாருங்கள்' என்று ஊருக்குள் சொல்லி வைப்பதே பாதி வேலை.

சில கட்டுப்பாடுகளும் வேண்டும். முகாமுக்கு வந்தவருடைய வழக்கை அதே ஆபீஸ் ஃபீஸ் வாங்கி நடத்தக் கூடாது. நடத்தினால் அது தருமம் அல்ல, வழக்குக்கு ஆள் பிடிக்கும் கடை. வழக்காகப் போக வேண்டியதை வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து அனுப்பிவிட வேண்டும். வந்தவரின் எதிர்த்தரப்பு ஆள் ஏற்கெனவே அந்த ஆபீஸில் வழக்கு கொடுத்திருக்கும் கட்சிக்காரர் என்றால் உடனே சொல்லி வேறு மேஜைக்கு மாற்றினால் போதாது, வேறு ஆபீஸுக்கே அனுப்ப வேண்டும். ஆபீஸ் பெயரைப் பெரிதாகப் போட்டு பேனர் வைப்பதும் கூடாது, வழக்கறிஞர் விளம்பரம் செய்வதை வழக்கறிஞர் மன்ற விதிகளில் 36வது விதி தடுக்கிறது. குடும்ப வன்முறை என்று வரும் பெண்ணுக்குத் தனி அறை, பெண் வழக்கறிஞர், வெளியே கேட்காத பேச்சு. அவர் பெயரும் விலாசமும் பொது நோட்டில் ஏறக் கூடாது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணும் பெண்கள் உதவி எண்ணான 181ம் எழுதிய சீட்டை அவர் மறைத்து வைக்கக்கூடிய அளவில் சின்னதாகக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உதவி வாங்குகிறவரை நிற்க வைத்து எடுத்த படங்களைத் தங்கள் நாளிதழ் இத்தகைய முகாம்களுக்குப் போட வேண்டாம். நிலத் தகராறோ குடும்பத் தகராறோ உள்ளவர் முகம் பேப்பரில் வந்தால் அடுத்த முறை அவர் வர மாட்டார், அவர் தெருவிலிருந்தும் யாரும் வர மாட்டார்கள். படத்துக்குப் பதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: நாளை எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு, என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும். கூடவே அந்தந்தத் தாலுகாவின் சட்டப் பணிகள் குழு இருக்கும் இடமும் 15100 என்ற எண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
கும்பகோணம்