தாயி, நாமினேஷனுக்கு முன்னாடி இதைப் படிச்சிரு

தாயி,

செவ்வாக்கிழமை நீ போன் பண்ணி ஒன்றியக் கவுன்சிலருக்கு சீட்டு கேட்டிருக்கேன்ப்பான்னு சொன்னப்ப சரிம்மான்னு சொல்லிட்டு டக்குனு வச்சிட்டேன்ல, அது கோவம் இல்ல. உங்கம்மா பக்கத்துல உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டா. ரிசர்வ் வார்டுன்னு காதுல விழுந்ததுமே அவளுக்கு மேலவளவு தான் ஞாபகம் வந்திருக்கு. 1997 ஜூன் 30, ரிசர்வ் பஞ்சாயத்துல தலைவரா ஜெயிச்ச முருகேசனையும் கூட இருந்த அஞ்சு பேரையும் வெட்டிக் கொன்னப்ப நீ அஞ்சாப்பு படிச்சிட்டிருந்த, அன்னைக்கு ராத்திரி நம்ம தெருவுல எந்த வீட்லயும் உல வைக்கல. அதனால அவள ஒண்ணும் சொல்லாத, ரெண்டு நாள் கழிச்சு நீயே பேசு.

எனக்குப் போன்ல கோர்வையா பேச வராது, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா அனுசரிச்சுப் படிச்சுக்க.

நம்ம வீட்ல அரசியல்னா அது கக்கன்ல போய் தான் நிக்கும், உனக்கே தெரியும். உங்க தாத்தாவுக்கு அவருன்னா உசுரு. ஏன்னு நீ சின்னப் புள்ளையில கேட்டப்ப நம்ம ஊருக்காரரும்மான்னு சொல்லி முடிச்சிட்டேன், இப்ப முழுசா சொல்றேன். தாத்தா பையனா இருந்தப்ப மதுரைக்குப் போனா மீனாட்சி கோயில் கோபுரத்த வெளிய நின்னு கும்புட்டுட்டு வர வேண்டியது தான், அதுக்கு மேல நம்ம சனம் கால் வைக்க முடியாது. 1939 ஜூலை 8 வைத்தியநாத ஐயர் ஒரு அஞ்சாறு பேரக் கூட்டிட்டு உள்ள போனாருல்ல, அதுல ஒருத்தர் தும்பைப்பட்டி கக்கன். அப்புறம் ஆகஸ்ட் போராட்டத்துல ஜெயிலு, அரசியல் நிர்ணய சபை, 1952ல எம்.பி., 1957ல காமராஜர் மந்திரிசபையில பொதுப்பணித்துறை. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஆனா இதை வரிசை மாறாம ஒப்பிப்பாரு.

வைகை அணை 1959 ஜனவரியில திறந்தப்ப பொதுப்பணித்துறைக்கு மந்திரி அவரு தான். நான் பின்னாடி அதே துறையில பெரியாறு கால்வாய்ல லஸ்கரா சேந்து முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏத்தி எறக்கினேன், அதனால எனக்கு அணைன்னா 71 அடி, எத்தனை நாள் தண்ணி, கடைமடைக்கு எப்பப் போகும்னு இதுலயே தான் புத்தி ஓடும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்குக் கீழ நம்ம மேலூர் பக்கம் ஒருபோகம் தான், அந்த ஒரு போகத்துக்கும் தண்ணி சரியா வரலன்னா மொதல்ல காயுறது கடைசில இருக்குறவன் வயலு. எத்தனையோ அரசியல்வாதிங்க மடை மேல வந்து நின்னு திறடான்னு சத்தம் போட்டுப் பாத்திருக்கேன், ரிஜிஸ்டர எடு, நேத்து எவ்வளவு விட்டே, முறை யாரோடதுன்னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். நீ கேக்கணும். உன் இ-சேவை மையத்துல உக்காந்து பாட்டிங்களுக்கு பென்ஷன் மனு, பட்டா மாறுதல்னு ஆறு வருஷமா போட்டுக் குடுக்குறியே, எந்த ஆபீஸ்ல எந்த மேஜையில பேப்பர் தூங்குதுன்னு உனக்குத் தெரியும், அதுனால தான் சனம் உன்ன நிக்கச் சொல்லுது. அத விட்றாத.

சரி, இப்ப சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வர்றேன்.

1963ல பக்தவத்சலம் முதலமைச்சர் ஆனப்ப கக்கன் போலீஸ் மந்திரி. தாத்தா அத எப்படிச் சொல்லுவாருன்னா, காக்கிச் சட்டையப் பாத்தா சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்ச சனம்டா நாம, இன்னைக்கு அந்தக் காக்கிச் சட்டை நம்ம ஆளுக்கு சல்யூட் அடிக்குது. சொல்லும்போதே குரல் கம்மிரும். அதே வீட்ல உங்க பெரியப்பா மதுரைக் காலேஜுல படிச்சிட்டிருந்தாரு. 1965 ஜனவரி 25, மறுநாள்ல இருந்து இந்தி தான் ஆட்சிமொழின்னு ஆகப்போகுது, பசங்க ஊர்வலம் போறாங்க, பெரியப்பாவும் அதுல. அன்னைக்கு மதுரையில ஆரம்பிச்ச கலவரம் மாநிலம் பூரா பரவி, பொள்ளாச்சி அங்க இங்கன்னு துப்பாக்கிச் சூடு, செத்தவங்க கணக்கு அரசாங்கம் சொன்னதே எழுபதுக்குப் பக்கம். பெரியப்பா தலையில கட்டோட வீட்டுக்கு வந்து தாத்தா முன்னாடி நின்னு உங்க ஆளு போலீஸ் தான் அடிச்சுதுன்னாரு. தாத்தா ஒண்ணும் பேசல. எனக்கு அப்ப பத்து வயசு, திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட ரெண்டு வருஷம் ஆச்சு.

1967ல தாத்தா கக்கனுக்குப் போட்டாரு, பெரியப்பா உதயசூரியனுக்குப் போட்டாரு. கக்கன் மேலூர்லயே தோத்தாரு, விருதுநகர்ல காமராஜரே தோத்தாரு. அறுபது வருஷமாகப் போகுது, இதுல யாரு சரின்னு என்கிட்ட கேட்டா, கக்கன் அஞ்சு பைசா தொடாத மனுஷன், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா அவரு பொறுப்புல இருந்த போலீஸ் தான் சுட்டுச்சு, அதையும் அவரு கணக்குல தான் எழுதணும். கை சுத்தமா இருந்தா மட்டும் போதாதும்மா, உனக்குக் கீழ இருக்குறவன் உன் பேரச் சொல்லி என்ன பண்றான்னு பாக்கணும். உன் அளவுல அது காண்ட்ராக்டரா இருக்கும், கட்சிக்காரப் பசங்களா இருக்கும். நம்ம மாப்ளையாவும் இருக்கலாம். அவரு தங்கமான மனுஷன் தான், ஆனா உள்ளாட்சியில பொம்பளைகளுக்குப் பாதி எடம்னு 2016ல சட்டம் வந்த பிறகும் எத்தனை ஊர்ல புருஷன் சேர்ல உக்காந்திருக்கான், பொண்டாட்டி கையெழுத்து மட்டும் போடுறா. கூட்டத்துக்கு நீ போ. படிக்காம எதுலயும் கையெழுத்து போடாத. இத மாப்ளைகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்.

இன்னொண்ணு. கக்கன் தோத்த பிறகு டவுன் பஸ்ல போனாரு, கடைசியில மதுரை பெரியாஸ்பத்திரி ஜெனரல் வார்டுல கெடந்தாரு, வேற ஒருத்தரப் பாக்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலா பாத்துட்டுத் துடிச்சுப் போயி ஏற்பாடு பண்ணாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லிட்டு என்ன எளிமை என்ன எளிமைன்னு மேடையில கைதட்டு வாங்குவாங்க. எனக்கு அந்த எடத்துல வயிறு எரியும் தாயி. பத்து வருஷம் மந்திரியா இருந்த மனுஷன் தரையில படுத்தது அவருக்குப் பெருமையா, அது நமக்கு அவமானம் இல்லையா, அவரு கட்சி எங்க போச்சு, ஓட்டு வாங்கிக்கிட்ட, தண்ணி வாங்கிக்கிட்ட நாமெல்லாம் எங்க போனோம். தாத்தாவுக்கு அவரு ஆஸ்பத்திரில இருந்ததே தெரியாது, 1981 டிசம்பர்ல அவரு செத்த பிறகு தான் பேப்பர் படிச்சவங்க சொல்லித் தெரிஞ்சுது, நாப்பது மைல் கூட இல்லையேடா போயி ஒரு வாய் கஞ்சி குடுத்திருப்பேனேன்னு திண்ணையில உக்காந்து அழுதாரு. அவரு அழுது நான் பாத்தது அன்னைக்கு மட்டும் தான்.

அதனால உன்கிட்ட நான் கேக்குறது ஒண்ணு தான். இ-சேவை மையத்த மூடாத. ஜெயிச்சாலும் மூடாத, காலையில ரெண்டு மணி நேரமாவது திற, முடியாத நாளைக்கு ஒரு புள்ளைய சம்பளத்துக்குப் போட்டு நடத்து. புள்ளைங்க பேர்ல போட்டிருக்குற ஆர்.டி.ய உடைக்காத, நகைய அடகு வைக்காத, எலக்சன் செலவுக்குன்னு எவன் பணம் நீட்டுனாலும் வாங்காத, வாங்குனா அவன் தான் கவுன்சிலர். உன் சோறு உன் உழைப்புல இருந்தா தான் கூட்டத்துல எந்திரிச்சு இது தப்புன்னு சொல்ல முடியும், தோத்தாலும் மறுநாள் ஷட்டர ஏத்திட்டு அடுத்த பாட்டிக்கு மனு எழுதலாம்.

நேத்து பெரியப்பா வீட்டுக்குப் போயி விஷயத்தச் சொன்னேன். எண்பது வயசு தாண்டிருச்சு, முட்டி வலியில எந்திரிக்கவே முடியல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு எந்தக் கட்சிடான்னு கேட்டாரு, சொன்னேன், மூஞ்சிய சுளிச்சாரு. அப்புறம் அவரே, தும்பைப்பட்டியில இருக்குற கக்கன் மணிமண்டபத்துக்கு இதுவரைக்கும் நான் போனதே இல்லடா, புள்ள நாமினேஷன் போடுற அன்னைக்கு காலையில என்னை அங்க கூட்டிட்டுப் போ, அங்க இருந்து நேரா அவ ஊருக்குப் போவோம்னாரு.

வண்டி சொல்லி வச்சிருக்கேன். அம்மாவும் வருவா, நான் பேசிக்கிறேன். தேதி முடிவானதும் போன் பண்ணு.

அப்பா