சிறுநீரகம் மாற்றியவர்கள் ஹெபடைடிஸ் சி மருந்தை மறுபடியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சிலர், "ஈரலில் சி கிருமி இருக்கிறது, உங்களுக்கு அதற்கு மருந்து கொடுக்க முடியாது" என்று என்றோ சொன்னதையே இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மருந்து இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

என் கணவர் பால்மரம் வெட்டியவர். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்த காலத்தில் அவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. பிறகு அவருடைய தங்கை ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அப்போது இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும். தங்கை கொடுத்த சிறுநீரகத்தையே உடம்பு ஏற்காமல் போகலாம். டாக்டர்கள் துணியவில்லை. நாங்களும் பயந்து பயந்தே காலத்தை ஓட்டினோம்.

2017-இல் நம் மலேசிய அரசாங்கம், காப்புரிமை இருந்தும், சோஃபோஸ்புவிர் என்ற ஹெபடைடிஸ் சி மருந்தை மலிவாக வாங்க வழி செய்தது. மறு ஆண்டு மார்ச்சிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தொடங்கியது. என் கணவருக்கு அதையும் டக்லாட்டாஸ்விரையும் 12 வாரம் கொடுத்தார்கள். ஊசியே இல்லை, மாத்திரைதான். இந்தப் புது மருந்துகளால் சிறுநீரகம் மாற்றியவர்களிலும் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை டாக்ரோலிமஸ். கிருமி ஒழிய ஒழிய ஈரல் தெம்பாகி, அதை வேகமாகக் கழித்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதனால் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். அன்றைக்குக் காலை டாக்ரோலிமஸ் மாத்திரையை வீட்டில் விழுங்கக் கூடாது. சின்ன டப்பாவில் போட்டு என் பையிலேயே வைத்துக்கொள்வேன். ஈப்போவில் இரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி அவர் வெளியே வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். பசியாறுவதெல்லாம் அதற்கப்புறம்.

என் மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் குடிக்கக் கூடாது.

ஒரு கல்யாண வீட்டில் எல்லாருக்கும் வாழை இலை, என் கணவருக்கு மட்டும் காகிதத் தட்டு. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இது இரத்தத்தால் பரவும் கிருமி ஐயா, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. சவரக் கத்தியும் நகவெட்டியும் தனியாக இருந்தால் போதும்.

மருந்து முடித்து 12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை. ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை குணமான பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்வது எச்சிவி ஆர்என்ஏ பரிசோதனை. அடுத்த தடவை போகும்போது அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வண்டி வசதி இல்லாமல் பாதியில் நிறுத்தியவர்களும் இங்கே இருக்கிறார்கள். கோயில் நிர்வாகங்கள் ஈப்போவுக்கு மாதம் ஒரு வேன் ஏற்பாடு செய்தால், கூடப் போய் நம்பர் எடுத்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்