“முழுவதும் கிலேட்” என்று எழுதிய பொட்டலத்தில் அன்னபேதி: நுண்ணூட்டக் கலவை பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நீர்த்தாவரத் தொட்டிக்கான 100 கிராம் நுண்ணூட்டப் பொடி – தவறான விவரச்சீட்டு, தவறான கலவைக் குறிப்பு – பணத்தைத் திருப்பித் தரவும் விவரச்சீட்டைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் 6ஆம் தேதி தங்கள் நிறுவனத்திடமிருந்து மேற்கண்ட பொடியை 480 ரூபாய்க்கு வாங்கினேன். என் வீட்டில் 120 லிட்டர் தொட்டியில் ரோட்டாலா, லுட்விஜியா என்னும் நீர்த்தாவரங்கள் வளர்கின்றன. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர், அதன் பி.எச். 7.8, அதாவது சற்றுக் காரத்தன்மை உள்ளது. பழைய இலைகள் நன்றாக இருக்க, துளிர்கள் மட்டும் நரம்பு பச்சையாகவும் நடுவே வெளிறியும் வந்தன. இது இரும்புக் குறை என்று தெரிந்தே தங்கள் பொடியைத் தேடி வாங்கினேன்.

வாங்கும் முன் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, இரும்பு எந்தக் கிலேட்டில், அதாவது அதைப் படியவிடாமல் பிடித்துவைக்கும் எந்தச் சேர்மத்தில், இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாத் தண்ணீருக்கும் ஏற்றது” என்பதே பதில். நான் கேட்டது அதுவல்ல. ஈ.டி.டி.ஏ. என்னும் கிலேட்டுடன் பிணைந்த இரும்பு, பி.எச். 6.5ஐத் தாண்டினால் பிடி தளரத் தொடங்கும். டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். அதற்கும் மேலே நிலைத்திருப்பது ஈ.டி.டி.எச்.ஏ.; ஆனால் அது தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும். என்னைப் போல் காரநீர் வைத்திருப்பவர் எதை வாங்குவது என்று முடிவு செய்ய இந்த ஒரு சொல் போதும். தங்கள் பொட்டலத்தில் “முழுவதும் கிலேட் செய்யப்பட்டது, இரும்பு 6%” என்பதோடு சரி.

முதல் கலவையைத் தங்கள் துண்டுப்பிரசுரத்தில் உள்ளபடியே செய்தேன். வசதிக்காக நுண்ணூட்டத்தையும் பொட்டாசியம் பாஸ்பேட்டையும் ஒரே பாட்டிலில் கரைக்கலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் காலையில் பாட்டிலின் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெளிர்மஞ்சள் வண்டல். இரும்பும் பாஸ்பேட்டும் அடர்த்தியாகச் சேர்ந்தால் கரையாத இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் இடுவது இதனால்தான். மீண்டும் அழைத்தபோது “குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்” என்றார்கள். படிந்துபோன இரும்பைக் குலுக்கி ஊற்றினால் செடிக்கு என்ன கிடைக்கும்?

நம்பிக்கையை விடாமல் இரண்டாவது முறை 20 கிராமை 500 மில்லி ஆர்.ஓ. நீரில் தனியாகக் கரைத்து, நாளுக்கு 5 மில்லி இட்டேன். அளவில் பிழையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 6% இரும்பு என்றால் 5 மில்லியில் 12 மில்லிகிராம், 120 லிட்டருக்கு அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். சரியான கணக்குதான். ஆனால் பதினோரு நாள் ஆகியும் துளிர்கள் தேறவில்லை, இன்னும் வெளுத்தன. கண்ணாடியில் துருநிறப் படலம் ஏறியது.

ஐந்தாம் நாளிலிருந்து அதே தொட்டியில் வளரும் இறால்கள் சாகத் தொடங்கின. எட்டு செர்ரி இறால்களில் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேல் பெருகிய கூட்டம் அது. ஒன்பதாம் நாளுக்குள் இருபத்து மூன்று போய்விட்டன. முட்டை சுமந்த ஒரு பெண் இறால் பாசியின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றுக் கால்களால் முட்டைகளை மட்டும் விசிறிக்கொண்டே கிடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த நாட்களில் தொட்டியில் வேறு எதையும் நான் மாற்றவில்லை.

அதன் பிறகுதான் பொடியை வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கியில் பார்த்தேன். இரும்பு ஈ.டி.டி.ஏ. மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி. நான் கண்டதோ வெளிர்பச்சைப் படிகங்கள். இடையிடையே மயில்துத்தம் போல நீலத் துகள்கள். பச்சைப் படிகங்களைப் பொறுக்கி ஒரு டம்ளர் நீரில் கரைத்து வைத்தேன். இரண்டே நாளில் துருவாகக் கலங்கியது. கிலேட் செய்யாத இரும்பு சல்பேட்டான அன்னபேதி இப்படித்தான் நடந்துகொள்ளும். அன்னபேதி நல்ல உரம்தான், வயலுக்கு மலிவாகவும் கிடைக்கிறது. அதைக் கிலேட் என்று பெயரிட்டு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நீலத் துகள் தாமிர சல்பேட் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிணைப்பில் உள்ள தாமிரத்தைவிடத் தனித்து நிற்கும் தாமிரம் இறாலுக்குக் கொடிது. பொட்டலத்தில் தாமிரத்தின் அளவே இல்லை. “இறாலுக்குப் பாதுகாப்பானது” என்ற முத்திரை மட்டும் இருக்கிறது.

480 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். நான் வாங்கிய தொகுதியின் ஆய்வறிக்கையை அனுப்புங்கள். இனி அச்சிடும் பொட்டலங்களில் கிலேட்டின் பெயரையும் தாமிரத்தின் விழுக்காட்டையும் போடுங்கள். பாஸ்பேட்டுடன் கலக்கச் சொல்லும் அந்த வரியை உடனே நீக்குங்கள். இன்று யாரோ ஒருவர் அதை நம்பிக் கலக்கிக்கொண்டிருப்பார்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். மீதமுள்ள 55 கிராம் பொடி, ரசீது, துண்டுப்பிரசுரம், வண்டல் படிந்த பாட்டில் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமானால் பொடியில் பாதியை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பொடி மற்றும் பாட்டிலின் புகைப்படங்கள்.