முடவன் முழுக்கு அன்று எழுதியது

மயிலாடுதுறை,
கார்த்திகை 1

அன்புள்ள அக்கா,

தீபாவளி முடிந்த கையோடு பதில் போடுகிறேன் என்று சொன்னவள் இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் முடவன் முழுக்கு. ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரி துலாக்கட்டத்தில் முழுக்குப் போடுவார்கள், கடைசி நாள் கடைமுகம். அதற்குள் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று நடக்க முடியாத ஒருவர் தவழ்ந்து தவழ்ந்து வந்தாராம். வந்து சேர்ந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. பரவாயில்லை, நீயும் முழுகு, உனக்கும் அதே பலன் என்று சாமி ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்ததாகக் கதை. பிந்தி வருகிறவர்களுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கும் ஊர்க்காரி நான். என் கணக்கிலும் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகன் கல்கரிக்குப் போன பிறகும் அவன் மட்டும் குடிக்கிற அந்தப் பாலைக் கை தானாகவே எடுத்து வண்டியில் போடுகிறது, கடைசியில் அத்தானுக்கு அதில் மோர்தான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் சின்னவள் ஓசூருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்குப் பிடிக்காது என்று இந்த வீட்டில் பாகற்காயே வாங்கியதில்லை. இப்போது தாராளமாக வாங்கலாம். இவருக்கோ பாகற்காய் என்றால் உயிர். இருந்தும் போன வாரம் சந்தையில் அந்தக் கூடையைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி தாண்டிப் போனார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் ஊரில் குளிர்காலத்துக்காக மணியை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிட்டார்களாமே. இனி நமக்குள் பத்தரை மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு வருஷமும் இந்தக் கணக்கில் ஒரு வாரமாவது தப்புப் பண்ணி உங்களை வேலை நேரத்தில் கூப்பிட்டுவிடுகிறேன்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. காலையில் போய் மதியத்துக்குமேல் வீட்டுக்கு வந்துவிட்டோம். உள்ளே இருந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. என் அம்மாச்சிக்கு இதே ஆபரேஷன் செய்தபோது ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள், அப்புறம் சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது பேத்தியா, பசுமாடா என்று தெரியாது. கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, விலை எட்டாது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் கைக்கு வந்தது.

கட்டுப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருக்கே" இல்லை. "என்னடி, இவ்வளவு நரைச்சிருக்கு உனக்கு?" அப்புறம் சுவரைப் பார்த்தார். போன பொங்கலுக்கு வெள்ளைதான் அடித்தோம். இத்தனை நாளும் அதைச் சந்தன நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். புரை முற்றினால் லென்ஸ் பழுத்துப் பழுப்பாகி எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டுமாம், நீலம் மங்கிப்போகுமாம். வலது கண் இன்னும் பாக்கி இருப்பதால் அம்மாவுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்திருக்கிறது. ஒரு கண்ணை மூடி இவர் வேட்டியைப் பார்ப்பார், வெள்ளை. மற்றதை மூடிப் பார்ப்பார், வெளுக்காத வேட்டி. "இத்தனை வருஷம் மாப்பிள்ளை துவைக்காத வேட்டியைக் கட்டுறார்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று அவர் எதிரிலேயே சொன்னார்.

சொட்டு மருந்துதான் பெரிய வேலை. முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு. ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி மற்றது. அன்று இரவு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக உங்களிடம் கொட்டியதை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் நடந்த அதே நாள், மாலை நாலரை இருக்கும். அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு வந்து போனை எடுத்தால் மின்வாரியத்தின் பெயரில் ஒரு செய்தி. சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று. இங்கே ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். "சென்ற மாத" என்ற சொல்லிலேயே பொய் இருந்தது. அது மறுநாள்தான் உறைத்தது. அன்றைக்கு வெளியே மழை கொட்டுகிறது, கரண்ட் ஏற்கெனவே இரண்டு தடவை போய் வந்துவிட்டது, ஒற்றைக் கண்ணோடு அம்மா இருட்டில் எழுந்து எங்கேயாவது முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. கூப்பிட்டேன்.

நல்ல தமிழ் அக்கா, அந்தப் பையனுக்கு. வாய்க்கு வாய் "அம்மா". கட்டணம் வந்திருக்கிறது, கணினியில் ஏறவில்லை, பத்து ரூபாய் அனுப்பினால் ஏறிவிடும் என்றான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பத்து ரூபாய்தானே. ரகசிய எண்ணை அடித்தேன். நான் அடிப்பதை அவன் தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முதலில் 15,000, அடுத்த நிமிஷம் 9,800. அம்மாவின் வலது கண்ணுக்கு என்று வைத்திருந்த பணம்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எனக்கே இன்னும் பொறுக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. தோசை வார்த்தேன். மருந்து விட்டேன். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று இவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் "தெரியாத எண்ணை எடுக்காதீங்க" என்று புத்தி சொல்கிறவள் நான். எந்த வாயால் சொல்வது?

இரவு 2 மணிக்கு உங்களுக்கு எழுதினேன். உங்களுக்கு அப்போது மாலை 4.30. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தீர்கள். உடனே கூப்பிட்டீர்கள். "பிள்ளை, காசு போனால் போகட்டும், நீர் முதல்ல அழுறதை நிப்பாட்டும்" என்றீர்கள். (உங்கள் "நீர்" எனக்கு ஒரு காலத்தில் ராஜா கதை வசனம் மாதிரி இருந்தது. அன்று இரவு அதைவிட நெருக்கமான சொல் எதுவும் இல்லை.) அப்புறம் உங்கள் கதையைச் சொன்னீர்கள். வரி அலுவலகம் என்று ஒருவன் மிரட்டியது, கைது பண்ணிவிடுவோம் என்றது, நீங்கள் கடைக்கு ஓடி கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களை வாசித்தது, 600 டாலர் போனது. நடந்து நாலு வருஷம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

எனக்கும் சொல்லவில்லையே அக்கா. அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மாதத்தில் நீங்கள் அனுப்பியவற்றைத் தேடிப் பார்த்தேன். ரோஜாத் தொட்டியின் படம் இருக்கிறது, இடியப்பத்துக்குச் சொதி வைக்கிற முறை இருக்கிறது, நான் அதற்குக் கை தட்டியிருக்கிறேன். நீங்கள் என்னைத் தேடி வந்ததே கெட்ட செய்தியின் நாளில். 2004 டிசம்பர் 26-க்கு இரண்டு நாள் கழித்து, தரங்கம்பாடிப் பக்கம் எப்படி என்று கேட்டு எழுதினீர்கள். பிரவுசிங் சென்டரில் எழுத்துரு இல்லாமல் உங்கள் கடிதம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. கடைக்காரப் பையன் என்னவோ பண்ணித் தமிழாக்கிக் கொடுத்தான். அதில் முல்லைத்தீவில் உங்கள் சொந்தக்காரர்களைக் காணோம் என்று இருந்தது. அப்படித் தொடங்கிய நாம், நாளாக ஆக எப்போது நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பப் பழகினோம் என்று தெரியவில்லை.

"விடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிராமல் இப்பவே மகளுக்கு எடும்" என்றீர்கள் அல்லவா, எடுத்தேன். நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்து 1930-க்குப் போடச் சொன்னாள். இந்த மாதிரி மோசடிக்கென்றே இருக்கிற எண், இரவிலும் எடுக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்குமாம், அது வெளியே எடுக்கப்படுவதற்குள் பிடித்தால் நிறுத்திவிடலாமாம். முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம் என்றார்கள். நான் ஒன்பதரை மணி நேரம் கழித்துச் சொன்னேன். 6,200 ரூபாயைத்தான் நிறுத்த முடிந்தது. அதுவும் உடனே கைக்கு வராது. மீதி 18,600-இல் திருடன் எடுத்தது எவ்வளவு, என் வெட்கம் எடுத்தது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

காலையில் இவரிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, காப்பியப் போடு" என்றார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். இரண்டு நாள் கழித்து மருந்து டப்பாவைத் திறந்தால் வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அதற்குள் மடித்துக் கிடக்கிறது. அந்தப் பழைய டயரோடுதான் மழையில் போய் வந்துகொண்டிருக்கிறார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்கு வேலை ஓடுவதில்லை.

இன்றைக்குக் காலையில் அம்மாவை ஆற்றுக்குக் கூட்டிப் போனோம். கடைமுகத்துக்கே போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தலையில் தண்ணீர் படக்கூடாது, நேற்று கூட்டமும் அதிகம். இன்று மழையும் விட்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் என்னையும் மறு கையில் இவரையும் பிடித்துக்கொண்டு கடைசிப் படிக்கு முந்தின படி வரைக்கும் வந்தார். காலை மட்டும் நனைத்துக்கொண்டார். ஆற்று நடுவில் நந்தி மண்டபம் இருக்கிறது, உங்களுக்கு ஒருமுறை படம் அனுப்பியிருக்கிறேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, வலது கண்ணுக்கு அவசரமில்லை. தைக்கு மேல பாத்துக்கலாம்" என்றார். நாங்கள் இருவருமே அவரிடம் பணம் போனதைச் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ.

நாலாவது வேளை மருந்துக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். முழங்கால் வலியோடு நீங்களே பனி அள்ளிப்போடக் கிளம்பாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். அந்தச் சொதியை அம்மாவுக்கு வைத்துக் கொடுத்தேன், இரண்டு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 600 டாலர் விஷயத்தை அத்தானிடம் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் தங்கை