ஏர் லிங்கஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: மீண்டும் கூட்டணிக்குள் வாருங்கள்

அயர்லாந்தின் விமான நிறுவனமான ஏர் லிங்கஸின் நிர்வாகக் குழுவினருக்கும், அதன் உரிமையாளரான ஐ.ஏ.ஜி. குழுமத்தின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

அயர்லாந்தின் கார்க் நகரில் பதிமூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் நான். என் மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007இல் நீங்கள் விட்டுவிட்டுப் போன ஒன்வேர்ல்டு கூட்டணியில் மீண்டும் சேருங்கள். அதற்கு ஒரு தேதி குறித்து வெளிப்படையாக அறிவியுங்கள்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். உலகில் பெரிய விமானக் கூட்டணிகள் மூன்று. ஸ்டார் அலையன்ஸ் 1997இல் தொடங்கியது, ஒன்வேர்ல்டு 1999இல், ஸ்கைடீம் 2000இல். ஒரு கூட்டணிக்குள் இருக்கும் நிறுவனங்கள் ஒருவர் பயணியை இன்னொருவர் தன் பயணியாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஒன்றில் அடிக்கடி பறந்து வாங்கிய அட்டைக்கு மற்றவற்றிலும் மதிப்பு உண்டு. கூடுதல் பெட்டி, வரிசையில் முன்னுரிமை, லவுஞ்ச் எல்லாம் அந்த மதிப்பிலிருந்து வருபவை. ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. கத்தார் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றும் ஒன்வேர்ல்டில் இருக்கின்றன. ஏர் லிங்கஸ் எதிலும் இல்லை.

கூட்டணி என்றதும் லவுஞ்சில் உட்கார்ந்து ஓசியில் காபி குடிக்கிற காட்சிதான் பலருக்கும் மனதில் வருகிறது. எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பச்சை நிறப் பெட்டி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நான் கிளம்பியாக வேண்டிய நிலை. கடைசி நேரத்தில் கிடைத்தது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள்தான். டப்ளினிலிருந்து ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து இந்தியாவுக்கு வேறொரு நிறுவனம். இரண்டின் பெயரையும் சொல்லவில்லை. இரண்டுமே நீங்கள் அல்ல. கார்க்கிலிருந்து இரவுப் பேருந்தில் டப்ளின் விமான நிலையத்துக்குப் போனேன். அப்பாவுக்கென்று மருந்துக் கடையில் வாங்கிய மடக்கு வாக்கரை அந்தப் பச்சைப் பெட்டிக்குள் குறுக்காக வைத்து, சுற்றிலும் துண்டுகளைச் சொருகியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பெட்டியை எடைபோட்டுவிட்டு, "இடையில் இருக்கிற ஊர் வரைக்கும்தான் எங்களால் டேக் போட முடியும். அவர்கள் எங்கள் கூட்டாளி இல்லை" என்றார்.

பெட்டியை இடையில் எடுத்து மறுபடி போடுவது ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேர அலைச்சல். அன்று என்னிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட்டும் அயர்லாந்தின் குடியிருப்பு அட்டையும். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை. பெட்டி வந்து சேரும் பெல்ட் குடிவரவுச் சோதனைக்கு அந்தப் பக்கம். ஷெங்கன் விசா இல்லாமல் நான் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர். தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, பெட்டி கீழே சுற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார். என் பெட்டி எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. எடுக்கத்தான் வழியில்லை. வெறும் கைப்பையோடு திருச்சியில் போய் இறங்கினேன். பெட்டி ஒன்பது நாள் கழித்து டப்ளினுக்கே திரும்பி வந்தது. அந்த நாட்களில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டுதான் கழிப்பறைக்கு நடந்தார்.

இன்று என் கையில் ஐரிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, எனக்கு அந்தக் கோடு இல்லை. ஆனால் போன மாதம் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து இந்த ஊர் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்களுக்கு இருக்கிறது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் கூட்டணி மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரே டிக்கெட்டாக எடுக்க வழி இருப்பதும், பெட்டிக்கு ஒரே டேக் போட முடிவதும், ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிட ஆள் இருப்பதும் நிறுவனங்கள் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தவை. எங்களைப் போன்ற தூரத்துப் பயணிகளுக்கு அந்த நெருக்கம் ஓர் ஆடம்பரம் அல்ல.

நீங்கள் கூட்டணிக்குப் புதியவர்கள் அல்லவே! 2000ஆம் ஆண்டு ஜூனில் ஒன்வேர்ல்டில் சேர்ந்தீர்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அட்லாண்டிக் பயணம் படுத்துவிட்டது, நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்போது தலைமைக்கு வந்த வில்லி வால்ஷ் செலவைக் குறைத்தார், கட்டணத்தையும் குறைத்து மலிவு விமான நிறுவனமான ரயன்ஏரோடு நேருக்கு நேர் நிற்க வைத்தார். அந்தப் பாதையில் போன நிறுவனத்துக்குக் கூட்டணியின் செலவு சுமையாகத் தெரிந்தது. 2006இல் பங்குச் சந்தைக்கு வந்தீர்கள், 2007இல் கூட்டணியை விட்டு விலகினீர்கள். அன்றைய நிலையில் அந்த முடிவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இடத்திலிருந்து இடத்துக்கு மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொழில் என்றால் கனெக்‌ஷன் எதற்கு?

ஆனால் அதே 2007 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. ஷானனிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்களை நிறுத்தி, ஹீத்ரோவில் இறங்கி ஏற அவற்றுக்கு இருந்த நேர ஒதுக்கீடுகளை பெல்ஃபாஸ்ட் விமானங்களுக்கு மாற்றுவதாக அறிவித்தீர்கள். அயர்லாந்தின் மேற்குப் பகுதியே கொதித்தது. லண்டனுக்குப் போக வேறு விமானங்கள் இல்லாமல் இல்லை. ஹீத்ரோ போனால்தான் அங்கிருந்து உலகத்துக்குப் போக முடியும் என்பதுதான் அவர்களின் கவலை. லிமரிக்கிலும் கிளேரிலும் தொழில் நடத்துகிறவர்கள் அதைத்தான் சொன்னார்கள். 2009இல் அந்த விமானங்கள் திரும்பி வந்தன. இந்தத் தீவில் இருப்பவர்களுக்கு விமானம் என்பது முதல் படிக்கட்டு மட்டும்தான் என்பதை அந்த இடைவெளி உங்களுக்கே காட்டியது.

2015இல் ஐ.ஏ.ஜி. உங்களை வாங்கியது. அரசு தன்னிடம் இருந்த 25.1 சதவீதப் பங்கையும் விற்றுவிட்டது. அதனால்தான் இந்த மடல் அமைச்சருக்கு அல்ல, உங்களுக்கு. அந்தக் குழுமத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும் ஒன்வேர்ல்டின் தூண்கள். மீண்டும் சேர்வதைப் பற்றி உங்கள் நிர்வாகமே முன்பு பேசியதும் உண்டு. 2016இல் அடிக்கடி பறப்பவர்களுக்கான ஏர்கிளப் திட்டத்தைத் தொடங்கி, குழுமத்தின் ஏவியோஸ் புள்ளிகளையே உங்கள் புள்ளிகளாகவும் ஆக்கினீர்கள். பின்னால் கத்தார் ஏர்வேஸும் ஃபின்னேரும்கூட ஏவியோஸுக்கு மாறிவிட்டன. 2020 இறுதியில் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஃபின்னேர் ஆகியவற்றின் அட்லாண்டிக் கூட்டு வணிகத்தில் நீங்கள் சேர அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. அந்த நான்கும் ஒன்வேர்ல்டு உறுப்பினர்கள். அட்லாண்டிக் வருமானத்தை அவர்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள், புள்ளிகளையும் பகிர்ந்துகொள்கிறீர்கள். பயணியின் தகுதியை மட்டும் பகிர்ந்துகொள்ள மாட்டேன் என்கிறீர்கள். ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு, விருந்தாளியைத் தனிப் பந்தியில் உட்காரச் சொல்வது போல இருக்கிறது இது.

என் மனைவியோடு வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். வயதான பெற்றோரைப் பார்க்க டப்ளினிலிருந்து தோஹா வழியாகச் சென்னைக்கு அடிக்கடி போய்வந்து, கத்தாரின் கிளப்பில், ஒன்வேர்ல்டின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள சஃபையர் நிலையை அடைந்தார். அந்த அட்டைக்கு சிட்னியில் குவாண்டாஸ் மதிப்புத் தருகிறது, டோக்கியோவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் தருகிறது. தான் வரி கட்டி வாழும் நாட்டின் விமானத்தில் பாஸ்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும்போது மட்டும் அதற்கு மதிப்பு இல்லை. அவர் சேர்த்த ஏவியோஸை வைத்து உங்கள் விமானத்தில் இருக்கை வாங்கலாம். ஆனால் வாசலில் நீங்கள் அவரைப் புதியவராகத்தான் பார்க்கிறீர்கள்.

உங்கள் உயர்நிலை உறுப்பினர்களுக்கும் இதே கதைதான். ஏர்கிளப்பில் பிளாட்டினம் வாங்க ஆண்டு முழுக்க உங்களோடு பறந்தவருக்கு ஒவ்வொரு கூட்டாளி நிறுவனத்திலும் என்ன கிடைக்கும் என்பது தனித்தனி ஏற்பாடு, தனித்தனி நிபந்தனை. கூட்டணியில் ரூபி, சஃபையர், எமரால்டு என்று மூன்றே நிலைகள், அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் அதைப் பார்த்தாலே போதும், வாதாட வேண்டியதில்லை.

உங்கள் தரப்பு வாதமும் தெரியும். கூட்டணிக்குக் கட்டணம் உண்டு, கணினி அமைப்புகளை மாற்ற வேண்டும், மற்றவர்களின் உறுப்பினர்களால் டப்ளின் லவுஞ்ச் நிரம்பி வழியும், குறைந்த செலவில் ஓடுவதே உங்கள் பலம் என்பீர்கள். இதில் லவுஞ்ச் கவலை நியாயமானதுதான். செலவுக் கணக்கை மட்டும் இன்னொரு பக்கத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள் என்று கேட்கிறேன். அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைக் கிளம்பும் இடத்திலேயே முடித்துக்கொள்ளும் வசதி ஐரோப்பாவில் டப்ளினிலும் ஷானனிலும் மட்டும்தான் இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கினால் உள்நாட்டுப் பயணி போல வெளியே நடந்துவிடலாம். ஐரோப்பாவில் இப்படி ஒரு வாசல் வேறு எந்த நாட்டிலும் இல்லை. ஹெல்சின்கியிலும் மாட்ரிட்டிலும் இருக்கும் ஒன்வேர்ல்டு பயணி டப்ளின் வழியாக அமெரிக்கா போகத் தயங்குவதற்குக் காரணம் உங்கள் சேவை அல்ல, தன் அட்டை உங்களிடம் செல்லாது என்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

இது குடியேறிகளின் குறை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தெருவில் எதிர் வீட்டில் இருக்கும் அம்மையாரின் இரண்டு மகன்களும் பெர்த்தில் இருக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரடி விமானம் இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர், பேரப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். இந்த நாட்டில் அப்படி ஒரு பிள்ளையாவது கடல் கடந்து போகாத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் பெயரே ஐரிஷ் மொழியில் வானத்துக் கப்பல் கூட்டம் என்று பொருள்படுவதாம். உங்கள் விமானங்களுக்குப் புனிதர்களின் பெயர் வைக்கிறீர்கள், அதில் கடல் கடந்து போனவராகச் சொல்லப்படும் பிரெண்டனும் ஒருவர். தூரம் போகிறவர்களை வழியனுப்பிப் பழகிய மக்களின் நிறுவனம் நீங்கள் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

சரி, கூட்டணியில் சேர்வது ஒரே நாளில் நடக்காது. அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஏவியோஸ் குடும்பத்து நிறுவனங்கள் எல்லாவற்றோடும், டிக்கெட் தனித்தனியாக இருந்தாலும், பெட்டியைக் கடைசி ஊர் வரை டேக் போட்டு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு வேண்டியதில் முதலாவது இதுதான், லவுஞ்ச் எல்லாம் அப்புறம். அந்த நிறுவனங்களின் உயர்நிலை அட்டைக்கு உங்களிடம் என்ன கிடைக்கும், உங்கள் அட்டைக்கு அவர்களிடம் என்ன கிடைக்கும் என்பதை ஒரே பக்கத்தில், சாதாரண மனிதருக்குப் புரியும்படி போடுங்கள். மூன்று ஆண்டு கணக்கில் அசைவில்லாமல் இருந்தால் ஏவியோஸ் காலாவதியாகும் விதியையும் பாருங்கள். இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போக மூன்று ஆண்டு பணம் சேர்க்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. டிக்கெட் எடுக்க உட்காரும்போது புள்ளிகள் போயிருக்கக் கூடாது.

வரும் டிசம்பரில் ஊருக்குப் போகத் திட்டம். கார்க்கிலிருந்து ஹீத்ரோ, அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து திருச்சி. பின்னிரண்டும் ஸ்ரீலங்கன், ஒன்வேர்ல்டுக்குள். முதலாவது உங்களுடையது. ஹீத்ரோவில் நீங்கள் ஸ்டார் அலையன்ஸ் நிறுவனங்கள் நிறைந்த இரண்டாம் முனையத்தில் இறக்கிவிடுவீர்கள், ஸ்ரீலங்கன் கிளம்புவது மூன்றாம் முனையத்திலிருந்து. அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இந்த முறையும் அதைத்தான் கொண்டுபோகிறோம். கார்க் கவுன்ட்டரில் அதைத் தராசில் வைக்கும்போது, திருச்சி என்று அச்சடித்த டேக்கை உங்கள் ஊழியர் ஒட்ட வேண்டும். இந்த டிசம்பரில் முடியாவிட்டால் எந்த டிசம்பரில் முடியும் என்று சொல்லுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
கார்க்கிலிருந்து ஒரு பயணி