துளைக்குள் தங்கும் தூள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பம்ப், மோட்டார், மில் உதிரிபாகம் என்று பெயரெடுத்த கோவைப் பட்டறைகள் அடுத்ததாக டைட்டானியம் எலும்பு உள்வைப்புகளையும் 3டி பிரிண்டிங்கில் செய்யலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. செய்யலாம்தான். ஆனால் பேச்செல்லாம் மெஷின் விலையிலேயே சுற்றுகிறது. பாதி வேலைக்கு மேல் பிரிண்ட் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

கெட்டி டைட்டானியம் அலாயின் (கலப்புலோகத்தின்) விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, சுமார் 110 கிகாபாஸ்கல். தொடை எலும்பின் புறப்பகுதிக்கு 20 இருந்தால் அதிகம். பாரத்தை உலோகமே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையற்று மெலிந்துவிடும். அதனால்தான் 300 முதல் 600 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை துளை விட்டு வலைபோல் அடிப்பது. எலும்பும் அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

தொல்லையும் அந்தத் துளையில்தான். உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கி ஒட்டுவதுதான் இந்த பிரிண்டிங். அதற்கான தூள் 15 முதல் 45 மைக்ரான். உருகாதது அத்தனையும் துளைகளில் அடைந்து நிற்கும். காற்றடித்து, சுத்தமாகிவிட்டது என்று எடுத்துவைத்த இடுப்புக் கிண்ணத்தை (இடுப்பு மூட்டில் பொருத்தும் கிண்ணம்) வெள்ளைத்தாளில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் உதிரும். அதை இறக்காமலே ஸ்ட்ரெஸ் ரிலீவுக்கு (உள்ளிறுக்கம் நீக்கும் சூடாக்கலுக்கு) 800 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் அசையாது. எனவே பிரிண்ட் ஒட்டி நிற்கும் அடித்தட்டான பிளேட்டோடு கவிழ்த்து, தூள் தீப்பிடிக்காதபடி ஆர்கான் வாயுவுக்குள் அதிரவைத்துத் தூளை இறக்கிய பிறகே ஃபர்னஸ். பிறகு வயர்கட், அதாவது மின்பொறி விடும் கம்பியால் பிளேட்டிலிருந்து வெட்டியெடுப்பது. அல்ட்ராசோனிக்கில் (மீயொலி அதிர்வுத் தொட்டியில்) கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். எடை குறைவது நிற்கும்வரை கழுவ வேண்டும்.

வயர்கட்டில் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் வெட்டுமுகத்தில் படியும். அமிலத்தில் எடுத்தால் வலையின் இழைகளும் சேர்ந்து அரியும். அந்தத் தேய்மானத்தை டிசைனிலேயே கூட்டி வரையாவிட்டால் இழை மெலிந்து, பல லட்சம் முறை பாரம் ஏறி இறங்கியதும் முறியும். இதற்குப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் புழங்கும் இடத்தில், அது பட்டால் முதலுதவியாகத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

மீதித் தூளைச் சலித்து மறுபடி போடுவது வழக்கம்தான். சுற்றுக்குச் சுற்று ஆக்சிஜன் ஏறும். உள்வைப்புக்கான இ.எல்.ஐ. தரத்தில் (ஆக்சிஜன் போன்ற கலப்பு மிகக் குறைந்த ரகம்) ஆக்சிஜனுக்கு உச்சவரம்பு 0.13 சதம், தாண்டத் தாண்ட உலோகம் நொறுங்கும் குணத்தை நோக்கி நகரும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பம்ப் பாடியில் புளோஹோல் (வார்ப்பில் விழும் காற்றுக்குழி) விழுந்தால் உடைத்து மறுபடி உலையில் போடலாம். இழைக்குள் விழுந்த குமிழியை அப்படித் தேடமுடியாது. சுமார் 920 டிகிரியில் 1,000 பார் ஆர்கான் அழுத்தத்தில் வைத்து மூடவேண்டும், மூடியதா என்று மைக்ரோ சி.டி.யில் (உள்ளே நுணுக்கமாகப் படமெடுக்கும் எக்ஸ்ரே ஸ்கேனில்) பார்க்கவேண்டும். இதெல்லாம் தனியொரு பட்டறை வாங்கிக் கட்டுபடியாகாது. ஆகவே பிரிண்டருக்கு மானியம் கேட்கும் தொழில் அமைப்புகள், முதலில் இந்த அழுத்த உலை, மைக்ரோ சி.டி., ஆக்சிஜன் பகுப்பாய்வுக் கருவி மூன்றுக்கும் ஒரு பொது வசதி மையம் கேட்கட்டும். பிரிண்டர் வாங்குவது அதற்கப்புறம்.

இப்படிக்கு,
உலோகவியல் பொறியாளர்கள் இருவர், பீளமேடு, கோவை.